கூடாரத்தைக் கொண்டுபோன கள்ளக்கடல்!

மழை விட்டுவிட்டது. காற்றும் நின்றுவிட்டது. வானம் கழுவித் துடைத்தாற்போல் இருந்தது. அமாவாசை இரவு. எங்கு பார்த்தாலும் நட்சத்திரங்கள்.

மணி ஒன்று இருக்கும்.

"வா, கூடாரத்துக்கே போய்விடலாம். இங்கே கொசு பிடுங்குகிறது" என்றேன் மனைவியிடம்.

அவள் எழுந்திருக்கவில்லை. "பாட்டா வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் நான் வரமாட்டேன்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, டார்ச் விளக்கோடு தனியாகவே புறப்பட்டேன். பத்து அடி நடந்திருப்பேன். ஓர் ஓசை கேட்டது. அலை அடிக்கும் ஓசை அல்ல அது. பெரிய வலை ஒன்றை நூறு பேர் சேர்ந்து மணலில் இழுத்தால் எப்படி இருக்கும்? அப்படி ஓர் ஓசை!

விளக்கை அடித்தேன். கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளங்களுக்கு நடுவே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நுரை பொங்கியது. எங்கள் நீல நிறக் கூடாரம் ஒரு குடையைப் போல மெல்ல எழும்பியது. ஒரு முறை சுழன்றது. தண்ணீர் திரும்பியபோது அதுவும் கூடவே போயிற்று.

அதற்குள்ளேதான் நாங்கள் இருவரும் படுத்திருந்திருக்க வேண்டும்!

மாமியார் சொன்னார்

இது நடந்தது சில ஆண்டுகளுக்கு முன்பு. ஒரு மே மாதம். இடம், குமரி மாவட்டத்தில் முட்டத்துக்கும் இராஜாக்கமங்கலம் துறைக்கும் இடையே ஒரு மீனவர் ஊர்.

என் மனைவி நாஞ்சில் நாட்டுப் பெண். நாகர்கோவில் வடசேரியில் பிறந்து வளர்ந்தவள். எனக்குச் சொந்த ஊர் உள்நாட்டில். கடல் என்றால் எனக்குச் சினிமாவில் பார்த்ததுதான். கல்யாணம் ஆன நாள் முதல் எனக்கு ஓர் ஆசை. கடற்கரையில் கூடாரம் அடித்து, ஓர் இரவு தங்க வேண்டும். இப்போது இளம் தம்பதிகள் பலருக்கும் இந்த ஆசை இருக்கிறது. ஓட்டல் அறையில் இரண்டு நாள் தங்கும் பணத்தில் ஒரு கூடாரமே வாங்கிவிடலாம் அல்லவா? நானும் வாங்கினேன்.

மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. "வீட்டுல கட்டிலு கெடக்கு. மெத்தை கெடக்கு. மாப்பிளைக்கு மண்ணுல போயி கெடக்கணுமாம்!" என்று மகளிடம் சொன்னார். என்னிடம் நேரே சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னார்.

அவர் சொன்னது கிடக்கட்டும். இன்னொரு எச்சரிக்கையும் இருந்தது. அதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"தென் கடலோரத்தில் உயரமான அலைகள் எழும், கரையோரம் உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும்" என்று முந்தின நாள் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு செய்தி வந்தது. பக்கத்து மேஜை நண்பர் அதை எழுதினார். அதற்குத் தலைப்பு வைத்துக் கொடுத்தவன் நான்! தலைப்பு வைத்த கையோடு வீட்டுக்குப் போய்க் கூடாரத்தை மடித்துக் கட்டினேன். ஊருக்கெல்லாம் சொல்லும் எச்சரிக்கை நமக்கும் சேர்த்துத்தான் என்று ஏனோ தோன்றவில்லை.

முளை நிற்கவில்லை

மாலை 4 மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வானம் தெளிவாக இருந்தது. கடலோ கண்ணாடி மாதிரி! எப்போதாவது ஓர் அலை மட்டும் தடித்து வந்து, 'தொம்' என்று கரையில் விழும். பிறகு நெடுநேரம் ஒன்றும் இராது. அந்த இடைவெளியை நாங்கள் அமைதி என்று நினைத்தோம்.

கூடாரம் அடிப்பது எளிய வேலை என்று நினைப்பவர்கள் கடல் மணலில் அடித்துப் பார்க்க வேண்டும். முளைக்குச்சியைத் தட்டினால் வெண்ணெயில் இறங்குவது போல இறங்குகிறது. கயிற்றை இழுத்தால் அப்படியே வெளியே வருகிறது. அரை மணி நேரம் திண்டாடினேன். வேடிக்கை பார்த்த சிறுவன் ஒருவன்தான் வழி சொன்னான். சாக்குப் பையில் மணலை நிரப்பிக் கயிற்றை அதில் கட்ட வேண்டும். பிறகு முழங்கை ஆழத்தில் குழி தோண்டி, பையைப் புதைத்துவிட வேண்டும். அப்படியே செய்தோம். கூடாரம் கெட்டியாக நின்றது.

மண்ணெண்ணெய் அடுப்பில் கருப்பட்டிக் காப்பி போட்டோம். மாமியார் கொடுத்தனுப்பிய மட்டிப் பழத்தையும் முறுக்கையும் தின்றோம். அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் இனிக்கிறது. பொய் சொல்ல மாட்டேன்.

இருட்டும் நேரம் ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். இடுப்பில் சாரம், தோளில் துண்டு. கூடாரத்தைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் நின்று எண்ணிக்கொண்டே இருந்தார்.

"மக்களே, இஞ்ச கெடக்கப்பிடாது" என்றார். "கடலு கெடக்க கெடப்பு செரியில்ல. ராத்திரி கள்ளன் வருவான்."

"திருடனா? எங்களிடம் என்ன இருக்கிறது பாட்டா?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. மேட்டில் இருந்த ஓலைக் கூடத்தைக் காட்டினார். வலை பின்னும் கூடம் அது. "வேணுமெங்கி அங்க போயி கெடங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாங்கள் போகவில்லை.

மழை வந்தது

இரவு 9 மணிக்கு மேற்கே மின்னல் வெட்டியது. கோடை மழை! பத்து நிமிடத்தில் காற்று எங்களைப் பிடித்துக்கொண்டது. கூடாரத் துணி 'பட பட' என்று அடித்தது. கம்பிகள் வளைந்து எங்கள் முகத்தில் இடித்தன. மணல் சாட்டையால் அடிப்பது போல அடித்தது. நாலு மூலைக்கும் இரண்டு பேர் போதவில்லை. என் மனைவி இரண்டு மூலைகளைக் காலாலும் கையாலும் அழுத்திக்கொண்டாள். நான் மற்ற இரண்டையும் பிடித்தேன். "இதுக்குத்தானே ஆசைப்பட்டீங்க?" என்று அவள் கேட்டபோது, அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

11 மணிக்கு யாரோ கூடாரத்தை உலுக்கினார்கள். அந்தப் பெரியவர்! கொட்டும் மழையில் நனைந்துகொண்டு வந்திருந்தார். என்னிடம் பேசவே இல்லை. "எழும்பு மோளே" என்று என் மனைவியை மட்டும் கூப்பிட்டார். அவள் ஒரு வார்த்தை பேசாமல் பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள். நான் என்ன செய்வது? நானும் நடந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். மழைக்கும் காற்றுக்கும் அசையாமல் நின்ற கூடாரம், மழையும் காற்றும் ஓய்ந்த பிறகு போயிற்று!

அது எப்படி?

அன்று இரவு முழுவதும் இந்தக் கேள்விதான் என்னைக் குடைந்தது. காற்று அடித்தால் அலை எழும். சரி. காற்றே இல்லாதபோது அலை ஏன் எழ வேண்டும்? வானத்தில் மேகம் இல்லை, கடலில் புயல் இல்லை. பிறகு ஏன் கடல் பொங்க வேண்டும்?

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

சுசீந்திரம் தெப்பக்குளத்தில் ஒரு கல்லை எறியுங்கள். கல் உடனே மூழ்கிவிடும். ஆனால் அது எழுப்பிய வளையம் மெல்ல மெல்ல நகர்ந்து, வெகுநேரம் கழித்துப் படிக்கட்டில் வந்து மோதும். படிக்கட்டில் நிற்பவனுக்குக் கல் விழுந்ததே தெரியாது.

இந்துமாக்கடல்தான் அந்தக் குளம். கன்னியாகுமரிக்கு நேர் தெற்கே அண்டார்டிகா வரையில் பெரிய நிலம் ஒன்றும் கிடையாது. எல்லாம் தண்ணீர்தான். அந்தத் தென்கோடிக் கடலில் நாள் கணக்கில் சூறைக்காற்று அடிக்கும். மலை போன்ற அலைகள் எழும். அங்கே காற்று ஓய்ந்தாலும் அலை ஓய்வதில்லை. வடக்கு நோக்கிப் பயணம் புறப்பட்டுவிடுகிறது!

சாதாரணமாக நம் கரையில் அடிக்கும் காற்றலைகளுக்கு இடையே சில விநாடிகள்தான் இடைவெளி இருக்கும். தொலைவிலிருந்து வரும் இந்த அலைகள் 15 முதல் 20 விநாடிக்கு ஒன்றாக வரும். அவ்வளவு நீளமானவை. இந்த அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 50 கிலோ மீட்டர் வேகத்தில் நகரும். நம் ஊர் டவுன் பஸ்ஸின் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். 5,000 கிலோ மீட்டரைக் கடக்க நான்கு நாளுக்கு மேல் ஆகும். எங்கள் கூடாரத்தைக் கொண்டுபோன அலை, நான் கடையில் கூடாரத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோதே புறப்பட்டிருக்க வேண்டும்!

நடுக்கடலில் இருக்கும் வள்ளத்துக்கு இந்த அலை அவ்வளவாகத் தெரியாது. தூளியை ஆட்டுவது போல மெல்லத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும். கரையை நெருங்க நெருங்கத்தான் அதன் சுயரூபம் தெரியும். ஆழம் குறைந்ததும் வேகம் குறையும். உயரம் கூடும். வந்த தண்ணீர் திரும்புவதற்குள் அடுத்ததும் வந்து சேரும். கரையில் தண்ணீர் குவிந்து ஊருக்குள் ஏறும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். நம் கரையில் அந்த ஏற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் அந்தக் கொஞ்சம்தான் எங்கள் கூடாரத்துக்கும் கடலுக்கும் இடையே இருந்த தூரம்.

சொல்லாமல் கொள்ளாமல் திருடனைப் போல வருவதால் இதற்குக் 'கள்ளக்கடல்' என்று பெயர். கேரளத்து மீனவர்கள் வைத்த பெயர் இது. நம் குமரிக் கரையிலும் அதுவே வழக்கம். படகு வலிக்கும் மீனவர் வாயில் பிறந்த இந்தச் சொல்லை 2012-ம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. பெரிய பெரிய விஞ்ஞானிகள் ஆங்கிலக் கட்டுரைகளிலும் 'கள்ளக்கடல்' என்றே எழுதுகிறார்கள்.

இதை முன்கூட்டிச் சொல்லவும் இப்போது வழி இருக்கிறது. ஐதராபாத்தில் இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் என்ற மத்திய அரசு நிறுவனம் உள்ளது. 1999-ல் தொடங்கப்பட்டது. தென்கோடிக் கடலில் அலை எழுந்ததுமே இவர்கள் கணக்குப் போட்டு, எந்தக் கரைக்கு எப்போது வந்து சேரும் என்று அறிவிக்கிறார்கள். துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எண் போட்டு ஏற்றுகிறார்களே எச்சரிக்கைக் கூண்டு, அது புயலுக்காக ஏற்பட்டது. கள்ளக்கடலுக்கு அந்த அறிவிப்புதான் கூண்டு. நான் தலைப்பு வைத்தது அதற்குத்தான்!

பாட்டி சொன்னது

கூடாரம் போன பிறகு தூக்கம் ஏது? பெரியவரின் மனைவி எங்களுக்குக் கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தார். அவித்த மரச்சீனிக் கிழங்கும், சாளை மீன் குழம்பும் கொடுத்தார். மழையில் நனைந்த உடம்புக்கு அது அமிர்தம்!

"சுனாமி வந்தப்பமும் வானத்துல ஒரு மேகம் இல்ல பாத்துக்கிடுங்க" என்றார் அந்தப் பாட்டி.

2004 டிசம்பர் 26. கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று குமரிக் கரை முழுவதும் மரண ஓலம் கேட்ட நாள். மணக்குடிப் பாலத்தையே கடல் தூக்கி எறிந்தது. விவேகானந்தர் பாறைக்குப் போன நூற்றுக்கணக்கானவர்கள் கரை திரும்ப முடியாமல் தவித்தார்கள். சுனாமிக்குக் காரணம் சுமத்திரா அருகே கடலடியில் உண்டான பூகம்பம். கள்ளக்கடலுக்குக் காரணம் காற்று. இரண்டும் வேறு வேறு. ஆனால் வெள்ளை வானத்தை நம்பாதே என்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

பெரியவர் பேசவில்லை. பீடியைப் புகைத்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வள்ளம் ஒக்கிப் புயலில் போயிற்று என்று பாட்டிதான் சொன்னார்.

ஒக்கியை யார் மறக்க முடியும்? 2017 நவம்பர் 29-ந் தேதி அது வெறும் காற்றழுத்தத் தாழ்வு. மறுநாள் புயல்! சில மணி நேரத்தில் உருமாறிவிட்டது. குமரி முனைக்குத் தெற்கே, கரையை ஒட்டினாற்போல் கடந்து போயிற்று. ரப்பரும் வாழையும் சாய்ந்தன. மின்சாரம் இல்லாமல் மாவட்டமே இருளில் கிடந்தது. ஆனால் உண்மையான துயரம் கடலில்தான். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஆகிய ஊர்களின் ஆண்கள் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிப்பவர்கள். புறப்பட்டால் திரும்ப வாரக் கணக்கில் ஆகும். எச்சரிக்கை வந்தபோது அவர்கள் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். சொல்வதற்கு வழி இல்லை. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கு மேற்பட்டவர்கள் திரும்பி வரவே இல்லை. செயற்கைக்கோள் வழியாகப் படகுக்குச் செய்தி சொல்லும் கருவிகள் அதற்குப் பிறகுதான் வந்தன.

எச்சரிக்கை எட்டாமல் போனவர்கள் அவர்கள். எச்சரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கூடாரம் அடித்தவன் நான். அந்தப் பெரியவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

கணபதிபுரத்தில்...

2024 மே 6-ந் தேதி. அலுவலகத்தில் இருந்தேன். ஒரு செய்தி வந்தது. நாகர்கோவிலுக்குத் திருமணத்துக்கு வந்த மருத்துவ மாணவர்களும் மாணவிகளும் காலையில் கணபதிபுரம் கடற்கரைக்குப் போனார்கள். லெமூர் கடற்கரை என்று புதுப்பெயர் சொல்வார்களே, அதே இடம். கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்தது. அலையில் நின்றார்கள். ஒரு பெரிய அலை வந்தது. ஐந்து பேர் இறந்துவிட்டார்கள்.

எல்லோரும் மருத்துவராகும் தறுவாயில் இருந்தவர்கள். படித்தவர்கள்தான். முந்தின நாள்தான் தேங்காய்பட்டணத்தில் தந்தையோடு நின்ற ஒரு சிறுமியை அலை இழுத்துப் போயிருந்தது.

நாங்கள் கூடாரம் அடித்த இடத்துக்கும் கணபதிபுரத்துக்கும் தூரம் அதிகமில்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். "பாத்தேன்" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள் என் மனைவி.

பெரியவர் அன்று மாலையில் நின்று எண்ணினாரே, எதை எண்ணினார் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. அலைகளுக்கு இடையே உள்ள நேரத்தை! பெரிய அலைகள் கூட்டமாகத்தான் வரும். நாலைந்து வரும். பிறகு கொஞ்ச நேரம் கடல் அடங்கிவிடும். அந்தச் சமயத்தில் கரைக்கு வருகிறவர்கள், 'அமைதியாகத்தானே இருக்கிறது' என்று இறங்குகிறார்கள். அடுத்த கூட்டம் வரும்போது இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. மற்ற இடத்திலெல்லாம் அலை உடைந்து நுரைக்கும். ஓரிடத்தில் மட்டும் நுரை இல்லாமல் தண்ணீர் சாதுவாகத் தெரியும். குழந்தைகளைக் குளிப்பாட்ட நல்ல இடம் என்று தோன்றும். அதுதான் பொல்லாத இடம்! கரையில் குவிந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வழி அது. கால் வைத்தால் இழுத்துக்கொண்டு போய்விடும். அதில் சிக்கினவர்கள் நேரே கரையை நோக்கி நீந்தப் பார்த்துத்தான் களைத்துப் போகிறார்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அந்த இழுப்பிலிருந்து விலகிவிடலாம். இழுப்பு அகலமாக இருப்பதில்லை.

மே மாதத்தில் குமரிக்குச் சுற்றுலா போகிறவர்கள் இன்னொரு சங்கதியைக் கவனித்தால் நல்லது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. இரண்டு கரையும் உள்ள மாவட்டம் குமரி. ஆகவே மே மாதத்தில் சின்னமுட்டத்தில் படகுகள் கட்டிக் கிடக்கும். முட்டத்திலும் குளச்சலிலும் போய்க்கொண்டிருக்கும். தடை இல்லாத நாளில், அதுவும் மேற்குக் கரையில், படகுகள் போகாமல் கரையில் கிடந்தால் என்ன பொருள்? யாரையாவது கேளுங்கள். அவர்கள் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள்.

வீடு கரை ஒதுங்கியது

விடிந்ததும் பார்த்தோம். நாங்கள் கூடாரம் அடித்த இடமே இல்லை. கடல் மணலை அரித்து, ஆள் இடுப்பளவுக்கு ஒரு கரை வெட்டி வைத்திருந்தது. புதைத்த சாக்குப் பைகளில் ஒன்று மட்டும் கயிறு அறுந்து கிடந்தது. என் மனைவி அதை எடுத்து மணலைக் கொட்டி, உதறி, மடித்து வைத்துக்கொண்டாள். அம்மாவுடைய சாக்கு, திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றாள்.

வடசேரியில் மாமியார் கதவைத் திறந்தார். எங்கள் கோலத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. வெந்நீர் போடப் போய்விட்டார். அதற்குத் திட்டியிருக்கலாம்!

பத்து நாள் கழித்துப் பெரியவரிடமிருந்து போன் வந்தது. "சாரே, உங்க வீடு கரை ஒதுங்கிச்சு. ஒரு கம்பிதான் ஒடிஞ்சிருக்கு. வந்து எடுத்திட்டுப் போறியளா?" என்று கேட்டார்.

மனைவியைப் பார்த்தேன். அவள் போனை வாங்கினாள். "பாட்டா, பாட்டிகிட்ட குடுங்க. கருவாடு காயப் போடும்போது மழை வந்தா மூடிக்கிட ஆவும்" என்று சொல்லிவிட்டாள்.

இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. நீல நிறம் வெளுத்துப் போய்விட்டது. கோடை மழை தூறினால், பாட்டி ஓடிப்போய் அதைக் கருவாட்டின் மேல் விரிக்கிறார். போன முறை போனபோது நானும் ஒரு மூலையைப் பிடித்தேன்.